கடற்கரைக் கல்லூரியின் கால்பந்துக் குழு

மூணாற்றில் ஃபின்லே கோப்பைப் பந்தாட்டம் நடைபெறும் நாட்களில் எஸ்டேட்டுகளில் வேலை எந்த அழகில் நடைபெறும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் வாய் எடையைச் சொல்லும். மனமோ பழைய மூணாற்று மைதானத்தில் நிற்கும். நம் தகப்பனார் பாக்டரியில் பகல் வேலையை முடித்துக்கொண்டு, கம்பளியைத் தலையில் போர்த்தியவாறு மலைவழியே நடந்து சென்று அவ்வாட்டத்தைக் கண்டு வருவார். திரும்பி வந்ததும் லயத்து வாசலில் அமர்ந்து, எவன் எவனுக்குப் பந்தைத் தள்ளினான், எவன் கோட்டைவிட்டான் என்பதை இரவு வெகுநேரம் வரை சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டவர்களுள் பாதிப்பேர் ஆட்டத்தை நேரிலேயே கண்டவர்கள். ஆயினும் கேட்பார்கள்.

அந்த லயத்தில் வளர்ந்த நமக்குப் பந்தாட்டம் என்றால் வேலை முடிந்தபின் உழைப்பாளி மனிதர் ஆடும் ஆட்டம் என்பதே கருத்து. கல்லூரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு இருத்தல் கூடும் என்று நாம் எண்ணியதில்லை. உண்மையைச் சொன்னால், கல்லூரி என்பதைப் பற்றியே நாம் அதிகம் எண்ணியதில்லை. பத்தாம் வகுப்போடு நம் படிப்பு நின்றது. அதற்குப் பின் தேர்வெழுதி ரயில்வேயில் எழுத்தரானோம்; அவ்வளவே.

இக்கட்டுரை ஃபின்லே கோப்பையைப் பற்றியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், அலையோசை கேட்கும் தூரத்தில், தூத்தூர் என்னும் ஊரில் நிற்கும் ஒரு சிறு கத்தோலிக்கக் கல்லூரியையும், அதன் பந்தாட்டப் பிள்ளைகளையும் பற்றியது. தேவிகுளத்து மலையில் இருப்பவர்க்குத் தூத்தூர்க் கடற்கரை என்ன உறவு என்று சிலர் வினவலாம். உறவு உண்டு; அதுவும் நெருங்கிய உறவே.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தி வரையப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கேட்ட இயக்கம் ஒன்று, முழக்கம் ஒன்று, கிடைத்தது மட்டும் வேறு. நம் பாட்டனார் காலத்தவர் அந்நாளைப் பற்றிப் பேசும்போது, அங்கே போனவர்கள் பேறு பெற்றவர்கள் என்றே பேசுவார்கள். அவ்வாறு போன விளவங்கோட்டின் கடலோரத் துண்டுதான் தூத்தூர்ப் பகுதி. ஆனால் திருச்சபையின் எல்லை அரசின் எல்லையோடு நகரவில்லை. நிலம் தமிழ்நாட்டினது, பங்குகளை ஆள்வதோ இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டமே. அவர்கள் பேசும் தமிழிலும் மலையாளம் கலந்திருக்கும். நம் மலைப்பிள்ளைகள் பேசுவது போலவேதான். முதன்முறை அதைக் கேட்டபோது ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தோம்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் கேரள எல்லை முதல் குழித்துறை ஆற்றின் கழிமுகம் வரை வரிசையாக நிற்கின்றன. முன்னே அரபிக்கடல், பின்னே பழைய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், இடையே ஒடுங்கிய மணல்திட்டு. வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒன்றையொன்று முட்டி நிற்கும். ஆண்டுதோறும் கடல் சிறிது நிலத்தைக் கொண்டுபோகும். இந்த ஊர்களின் ஆடவர் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். ஆயிரம் தூண்டில் கோத்த கயிற்றோடு இலட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத்துக் கடல் வரையிலும் செல்வார்கள். ஒருமுறை போனால் கரை திரும்ப முப்பது நாளும் ஆகும். நாற்பது நாளும் ஆகும். படகுகளைப் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் கட்டுவதால், அவர்களும் ஒருவகையில் நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்களே. ஒரு வேறுபாடு: நம்மவர் மலையேறினார்கள், அவர்கள் கடலேறினார்கள்.

1544-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரையின் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தார் என்பது வரலாறு. தூத்தூரில் புனித யூதா கல்லூரி தொடங்கப்பெற்றது 1982-இல். இடைப்பட்டவை 438 ஆண்டுகள்! குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. திருச்சியில் இயேசு சபையாரின் புனித வளனார் கல்லூரி 1844-லேயே நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிக்கு வந்து, நாடறிந்த அறிஞர்களை உருவாக்கியது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923-இல் எழுந்தது. சென்னை இலயோலா 1925-இல். ஆனால் அவையெல்லாம் நகரங்களில் நின்றன. சுறா பிடிப்பவன் மகனுக்கு அவ்விடம் செல்லப் பேருந்துக் காசும் இல்லை. விடுதிக் காசும் இல்லை. கல்லூரி அவன் மணலுக்கு வந்தபின்னரே அவன் கல்லூரிக்குப் போனான். கைவிடப்பட்ட காரியங்களுக்குத் துணைநிற்பவர் என்று கத்தோலிக்க மக்கள் நம்பும் புனிதர் யூதா ததேயு. அவர் பெயரை அக்கல்லூரிக்குச் சூட்டியவர் ஊரை நன்கு அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

நிற்க. நாம் அப்பகுதியில் ஒரு சிறு நிலையத்தில் சீட்டு வழங்கும் சன்னலுக்குப் பின்னே அமர்ந்திருந்தது 2016-ஆம் ஆண்டு. ஒரு காலை, கல்லூரிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் கும்பலாக வந்து நின்றார்கள். தோளில் பை, பையின் பக்கத்தில் கயிற்றால் கட்டிய பூட்சுகள். எல்லாரும் வெயிலில் கறுத்த, நெடிய, மெலிந்த பிள்ளைகள். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம். போவதற்குச் சலுகைச் சீட்டு வேண்டும் என்றார்கள். முன்னே நின்ற பிள்ளை படிவத்தை நீட்டினான். அதில் முத்திரை பாதி விழுந்தும் பாதி விழாமலும் இருந்தது.

விதிப்படி முத்திரை தெளிவாக இருத்தல் வேண்டும். நாம் படிவத்தைத் திருப்பித் தந்தோம்.

"சாரே, காலேஜுக்குப் போயிட்டு வந்தா வண்டி போயிரும்," என்றான் அவன்.

"போனால் அடுத்த வண்டி வரும்," என்றோம் நாம்.

அவர்கள் ஓரமாகச் சென்று, ஒவ்வொருவன் பையிலிருந்தும் காசை எடுத்து, பிளாட்பாரத்துப் பலகையின் மீது குவித்து எண்ணினார்கள். சில்லறையே மிகுதி. பிறகு அதே பிள்ளை வந்து முழுக் கட்டணத்துக்குச் சீட்டு வாங்கினான். முகத்தில் கோபம் இல்லை. அது நம்மை இன்னும் எரிச்சலூட்டியது. விதியைக் காத்தோம் என்று அன்றைக்கு நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பந்துதைக்கப் போகிறவனுக்குக் கல்லூரி எதற்கு, சலுகை எதற்கு என்னும் எண்ணமே நம் கையைத் திருப்பியது என்பதை இப்போது ஒளிக்காமல் எழுதுகிறோம். கல்லூரி வாசலை மிதியாதவனுக்கு, மிதித்தவன் அதைப் பந்தாட்டத்தில் செலவழிப்பதைக் காண ஓர் எரிச்சல் உண்டு. அதற்குப் பொறாமை என்றும் பெயர்.

சில வாரம் கழித்து ஓய்வுநாள் ஒன்றில் தூத்தூருக்குப் போனோம். உடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு அவ்வூர்ப் பக்கம். அவர்தாம் அழைத்துச் சென்றார். உள்நாட்டுக் கல்லூரி ஒன்றோடு அன்று ஆட்டம். மைதானம் என்றால் புல்தரையைக் கற்பனை செய்ய வேண்டா. அரைமணலும் அரைமண்ணுமான வெளி. தென்னைக்கு மேலே காற்று. அந்தக் காற்றில் உயரத்தில் அடித்த பந்து எங்கே விழும் என்பதைக் கடவுளே அறிவார். ஆகையால் தூத்தூர்ப் பிள்ளைகள் உயரத்தில் அடிக்கவில்லை. பந்தைத் தரையோடு தரையாகக் காலுக்கருகில் வைத்துக்கொண்டே போனார்கள். மணலில் பந்து எழும்பாது. எழும்பாத பந்தோடு ஐந்து வயது முதல் ஆடியவனுக்கு அதை எழும்பவிடாமல் காப்பது மூச்சுவிடுவது போலப் பழகிப்போகிறது. கால் புதையும் மணலில் ஓடி ஓடி அவர்கள் கெண்டைக்கால் கயிறு முறுக்கியது போல இருக்கும். கெட்டித்தரை கிடைத்தால் பறப்பார்கள். அதே கெட்டித்தரையில் முதல் பத்து நிமிடம் வழுக்கி விழுவதும் உண்டு என்று நண்பர் சிரித்தார்.

நம் சன்னலுக்கு வந்த பிள்ளை இடதுபுற ஓரத்தில் ஆடினான். அவன் பெயரை எழுதவேண்டிய தேவையில்லை. இடது ஓரத்துப் பிள்ளை என்றே குறிப்போம். பந்து தன்னிடம் வராத நேரத்தில் அவன் இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து வந்ததும் வேறோர் ஆளானான். எதிரணியில் உயரமான ஒருவனை மும்முறை ஒரே வகையாக ஏமாற்றினான்: உள்ளே திரும்புவது போல் தோளை மட்டும் திருப்பி, காலை வெளியே கொண்டுபோவது. நான்காம் முறை அந்த உயரமானவன் முன்னெச்சரிக்கையாக வெளிப்பக்கம் பாய்ந்தான். இவன் உண்மையாகவே உள்ளே திரும்பி, அடித்துவிட்டான். மைதானத்தைச் சுற்றி ஓர் ஆரவாரம் எழுந்தது பாருங்கள்! வலை பின்னுவோர், தலையில் காலிக் கூடையோடு சந்தையினின்றும் திரும்பும் பெண்டிர், அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர், மதில்மேல் சிறுவர் என்று பேதமில்லை. நாமும் எழுந்து நின்று கத்தினோம் என்பதை வீட்டிற்கு வந்தபின் தொண்டை வலித்தபோதே உணர்ந்தோம். இடைவேளையில் ஒரு பிள்ளை தன் பூட்சைக் கழற்றி, மாற்றாளாக இறங்கும் மற்றொருவனுக்குத் தந்தான். இருவருக்கும் ஒரே இணை. அளவு சரியாக இருந்ததா என்று அவ்விருவருக்குமே வெளிச்சம்.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் முப்பதாண்டு சுறாவுக்குப் போனவர். ஒரு கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன, கயிறு கொண்டுபோனது. "பையன் பந்து களிக்கிறானே, படிப்பு என்னாகும் என்று வீட்டில் வருத்தமில்லையா?" என்று அவரிடம் கேட்டோம். களித்தல் என்றால் அங்கு விளையாடுதல்.

"கடலுக்குப் போறவனுக்குக் காலு தரையில நிக்காது, சாரே. பந்து களிக்கிறவனுக்கு நிக்கும்," என்றார்.

இதனை முதலில் ஒரு வேடிக்கைப் பேச்சென்று நினைத்தோம். பின்னர்க் கணக்குப் பார்த்தோம். எழுத்தருக்குக் கணக்குத்தானே தொழில். மீனவன் மகன் கல்லூரிக்கு வருவதற்கு அவ்வூரில் மதிப்பெண் ஒரு வழி. பந்து மற்றொரு வழி. கல்லூரிக் குழுவில் நன்கு ஆடியவன் பல்கலைக்கழகக் குழுவுக்குப் போவான். பல்கலைக்கழகக் குழு தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடியதற்கான சான்றிதழ் கையில் இருந்தால் காவல்துறை, அஞ்சல்துறை, வங்கி, நம் ரயில்வே ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப்போடலாம். சந்தோஷ் கோப்பையை 1961-62, 1964-65, 1966-67 ஆகிய பருவங்களில் வென்ற பெருமை ரயில்வே அணிக்கு உண்டு. அக்காலம் தொட்டே பந்துதைத்து வேலை பெற்றவர்கள் நம் துறையில் எத்தனையோ பேர். ஆக, நம் சன்னலுக்கு வந்த பதினெட்டுப் பேரும் வேடிக்கைக்குப் போகவில்லை. வேலைக்கான தேர்வுக்குப் போனார்கள். அந்தத் தேர்வுக்கான வழிச்செலவைத்தான் முத்திரையின் பேரால் நாம் இரட்டிப்பினும் மிகுதியாக்கினோம்.

ஒதுக்கீட்டு இடங்கள் கைவிரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதையும் மறைக்கலாகாது. நூறு பேர் ஆடினால் இரண்டொருவர்க்கு வேலை. மற்றவர் பட்டம் ஒன்றோடு, அல்லது அதுவுமின்றி, கடலுக்கே போகிறார்கள். கேரளத்தின் செவன்ஸ் ஆட்டங்களுக்குச் சென்று ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஆடுவோரும் உண்டு. அந்தக் கூலிக்காக முழங்காலைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி ஒருவரும் கட்டுரை எழுதுவதில்லை.

எட்டு ஊர்களுள் ஒன்றாகிய இரவிபுத்தன்துறையில் மீனவர் குடும்பத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடினார். அவருடைய தமையனார் மைக்கேல் ரெஜினும் அதே அணியில் ஆடியவர். 2018-இல் ஜாம்ஷெட்பூர் அணி சூசைராஜை எடுத்துக்கொண்டது. 2019-இல் இந்திய அணியின் உடை அணிந்தார். அவ்வாண்டே கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குச் சென்று, 2020 மார்ச்சில் அவ்வணி ஐ.எஸ்.எல். பட்டம் வென்றபோது அதில் இருந்தார். அவரும் இடது காற்காரரே. அதே ஆண்டு நவம்பரில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு, அப்பருவம் முழுவதும் அவருக்கு வீணாயிற்று. சூசைராஜ் தொலைக்காட்சியில் ஆடும்போது எட்டு ஊரிலும் தெருவில் ஆளிருக்காது என்று சொல்வார்கள். சென்னை நகரம் தன் ஆட்டக்காரர் என்கிறது; தமிழ்நாடு தன்னவர் என்கிறது; ஊர்க்காரர்களோ, கடற்கரையில் பந்து பொறுக்கித் தந்த பையன் என்கிறார்கள்.

இங்கே ஓர் அயல்நாட்டுச் செய்தி. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில், நோட்டர் டேம் என்னும் கத்தோலிக்கக் கல்லூரி 1842-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரால் தொடங்கப்பெற்றது. அவர்களுடைய புட்பால் வேறு. கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஆயினும் 1913-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அச்சிறு கல்லூரியின் குழு, பெயர்பெற்ற இராணுவக் கல்லூரிக் குழுவை 35-க்கு 13 என்று வென்றது. அதற்குப்பின் அயர்லாந்து, போலந்து, இத்தாலி முதலிய நாடுகளினின்றும் பிழைக்க வந்து ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழன்ற ஏழைக் கத்தோலிக்கர், கல்லூரிப் படியையே காணாதவர், அந்தக் குழுவைத் தம்முடைய குழுவென்று கொண்டாடினார்கள். ஏன் என்று நமக்கு விளங்குகிறது. வந்தேறிகள் என்று இகழப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைச் செய்தித்தாளில் தன் பக்கம் ஒரு வெற்றி வேண்டியிருக்கிறது. நம் எஸ்டேட்டுகளில் ஃபின்லே கோப்பை பெறும் மதிப்பையும் இவ்வாறே நோக்கலாம். தூத்தூரிலோ மதிப்பு மட்டும் போதாது. அங்கே உயிரும் சேர்ந்திருக்கிறது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 29 இரவும் 30 பகலும் ஓகிப் புயல் குமரிமுனையைச் சுற்றிக் கடலைக் கலக்கியது. கரையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டு இலட்சத்தீவுப் பக்கம் திரும்பியது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர்ப் பகுதிப் படகுகள் அதற்குப் பல நாள் முன்னரே கரையை விட்டவை. எச்சரிக்கை எட்டும் தூரத்தில் அவை இல்லை. எட்டு ஊர்களும் கோவில் முற்றங்களில் காத்து நின்றன. இலட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் ஒதுங்கி உயிர் பிழைத்தவர் உண்டு. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் மிதந்து மீண்டவரும் உண்டு. மீளாதவர் இந்த ஊர்களில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்.

டிசம்பர் 7-ஆம் நாள், காணாமற்போனவர்களைத் தேடித்தரும்படி கேட்டு, அவ்வூர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அன்று குழித்துறைக்கு உதவிக்கென்று அனுப்பப்பட்டவர்களுள் நாமும் ஒருவர். வண்டிகள் இருபுறமும் நின்றுவிட்டன. பாதிரியார்கள், முதியவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். காணாமற்போனவர்களின் படங்களைப் பெரிதாக்கி அச்சிட்ட துணிகள். படங்களில் பலர் திருமணச் சட்டையில் இருந்தார்கள். நல்ல உடையில் எடுத்த படம் வேறு வீட்டில் இருந்திராது. செபமாலை சொல்லும் ஓசை ஒரு பக்கம் எழும். முழக்கம் மறுபக்கம் எழும். இரண்டும் ஓயும்போது ஒரு பெண்ணின் அழுகை மட்டும் கேட்கும்.

நடுவில் ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர் சிலர் குடிநீர்ப் பொட்டலங்களைச் சுமந்து வரிசை வரிசையாகக் கொடுத்து வந்தார்கள். முதுகில் எண்கள். கல்லூரிக் குழுவின் ஆட்டச்சட்டை என்று அறிந்தோம். இடது ஓரத்துப் பிள்ளை நம்மிடமும் ஒரு பொட்டலத்தை நீட்டினான். அடையாளம் கண்டு, கையை ஒரு கணம் அப்படியே வைத்திருந்தான்.

"உங்கள் வீட்டில்...?" என்று கேட்டோம்.

"அண்ணன் போன போட்டு வந்தில்ல, சாரே," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டான்.

இரவு வரை அவர்கள் எழவில்லை. நாமும் அங்கேயே இருந்தோம். ரயில் மறியல் என்றால் துறைக்கு எவ்வளவு நட்டம் என்று எழுதவேண்டியவர்கள் நாம். அன்று அதைப்பற்றிப் பேசியவர் எவரும் இல்லை. பணியாளர் ஒருவர் தம் உணவுப் பொதியைப் பிரித்து, அருகிலிருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பசியில்லை என்றார்.

அவர்களின் காத்திருப்பு என்னவென்று நமக்கு அன்று பாதிதான் விளங்கியது. மீதி 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவுக்குப்பின் விளங்கியது. ராஜமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிய அந்த இரவில் 70 உயிர்கள் போயின என்பதை நம் நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. நம்மில் சிலர் அங்கே உறவினரை இழந்தவர்கள். ஆற்றங்கரையோரமாக நாள்கணக்கில் தேடினோமே, நால்வர் உடல் கடைசிவரை கிட்டவேயில்லையே, அப்போது ஒவ்வொரு நாள் மாலையும் தேடுதல் நிறுத்தப்பட்டபோது வயிற்றில் எழுந்த அந்த வெறுமைதான் குழித்துறையில் தண்டவாளத்தின்மேல் அமர்ந்திருந்தது. உடல் கிடைத்தவன் அழுது முடிக்கிறான். கிடைக்காதவன் கதவைத் தாழிடுவதில்லை.

2018-இல் கல்லூரி மீண்டும் நடந்தது. குழு மீண்டும் ஆடியது. பிள்ளைகள் நம் சன்னலுக்குப் படிவத்தோடு வந்தபோது, மை மங்கியிருந்த முத்திரையை நாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தோம், படிக்க முடிந்தது. பெயர்களை எண்ணினோம். இடது ஓரத்துப் பிள்ளையின் பெயர் அப்பட்டியலில் இல்லை. கேட்டதற்கு, அவன் மூன்றாம் ஆண்டுக்கு வரவில்லை என்றார்கள்.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு மாலை அவனே தனியாக வந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு எர்ணாகுளத்துக்கு ஒரு சீட்டுக் கேட்டான். தொப்பும்படியில் கட்டியிருக்கும் ஒரு படகில் ஆளெடுக்கிறார்கள். அண்ணனின் கூட்டாளிகள் சிலர் அதில் போகிறார்கள். வீட்டில் தாயும் அண்ணியும் ஒரு குழந்தையும் என்று கேட்காமலே சொன்னான். சலுகைக்கு அவனிடம் இப்போது படிவம் ஏதுமில்லை. முழுக் கட்டணத்தையும் தாளாகக் கொடுத்தான். மீதிச் சில்லறையை எண்ணித் தரும்போது, 2016-இல் பலகையின்மேல் குவித்த சில்லறை நம் கண்முன் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தோம். அன்று முத்திரைக்காகத் திருப்பியது நம் தவறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பின்னால் வரிசை நின்றது.

அவன் பையைத் தோளில் மாட்டியபோது, பக்கத்தில் பூட்சுகள் கட்டியிருப்பதைக் கண்டோம்.

"கடலுக்கு இதெதற்கு?" என்றோம்.

"ஆர்பருல நாலு நாள் நின்னா சாயங்காலம் களிப்போம், சாரே. எல்லாம் நம்ம ஊர்ப் பையம்மார்தான்."

"கல்லூரிக் குழுவில் உங்கள் இடத்தில் இப்போது யார்?"

அவன் முதன்முறையாகச் சிரித்தான். "தம்பி," என்றான். "எனக்கு இடது காலு மட்டும்தான். அவனுக்கு ரெண்டும் உண்டு."

வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. பொதுப்பெட்டியில் இடமில்லை. வாசற்படியருகில் பையின்மேல் அமர்ந்துகொண்டான்.